ஏடு சொன்னதும் இரத்தம் சொன்னதும்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். ஆனால் நாற்பது பக்க நோட்டில் மறைத்துவிடலாம் என்பதை இவ்வாண்டு நாங்கள் கண்டுகொண்டோம். மறைத்தவர்களும் நாங்களே, பிடிபட்டவர்களும் நாங்களே. ஆகவே பிறருக்குப் புத்தி சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றையும், அதனால் நாங்கள் தேடிப் படித்த சிலவற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே எழுதுகிறோம்.

முதற் பருவத்தில் ஒரு நாள், மனையியல் வகுப்பில் சிஸ்டர் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஏழு நாள்கள், காலை எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை, வாயில் போட்டது அனைத்தையும் எழுத வேண்டும். இட்லி என்றால் எத்தனை, சோறு என்றால் எத்தனை கரண்டி, காப்பி என்றால் எத்தனை தம்ளர், அதில் சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று கணக்கு வேண்டும். "இது பரீட்சை அன்று. மதிப்பெண்ணும் கிடையாது. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், அது போதும்" என்றார்கள். இவ்வளவுதானா என்று நாங்கள் மகிழ்ந்தோம். எழுதத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, உள்ளதை உள்ளபடி எழுதுவதைப் போலக் கடினமான வேலை வேறில்லை என்று.

முதல் நாள் எல்லாரும் அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளைகளாகவே இருந்தோம். இரண்டாம் நாள் மாலை, பள்ளி வாசலில் தின்ற மிளகாய் பஜ்ஜி எழுதப்படாமலே ஜீரணமாகிவிட்டது. மூன்றாம் நாள் இரவில் நோட்டைத் திறந்தபோது காலையில் தின்றது எத்தனை தோசை என்பதே மறந்து போயிற்று. நான்காம் நாள் சிஸ்டர் கீரையின் சிறப்பைப் பற்றிப் பாடம் நடத்தினார்கள். என்ன விந்தை! அன்று இரவு எங்களில் பாதிப் பேர் வீட்டில் கீரை மசியல் ஆகிவிட்டது, ஏட்டில் மட்டும். இன்னும் சிலர், எழுத வேண்டுமே என்ற சோம்பலால் தின்னும் முறுக்கையே நிறுத்திவிட்டனர். எழுதுவதே உண்பதை மாற்றிவிடும் என்பதும் எங்களுக்கு அப்போதுதான் விளங்கிற்று.

அந்த வாரம் முடிந்த கையோடு, மாணவியரின் உடல்நலத்தைப் பரிசோதிக்க மருத்துவக் குழுவினர் பள்ளிக்கு வந்தனர். விரல் நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, ஹீமோகுளோபின் அளவைப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டையில் எழுதித் தந்தனர். நம் வயதுப் பெண்களுக்கு 100 மில்லி இரத்தத்தில் 12 கிராமாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள எல்லை. அதற்குக் குறைந்தால் இரத்தசோகை. எங்களில் பலர் அந்த எல்லையைத் தொடவில்லை.

இங்கேதான் நாங்கள் தவறு செய்தோம். அவரவர் அட்டையை அவரவர் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஒருவர் அட்டையை ஒருவர் பறித்துப் பார்த்தோம். எங்களுள் ஒருத்தியின் உணவு நோட்டுதான் வகுப்பிலேயே அழகானது. முத்துமுத்தான கையெழுத்தில் நாள்தோறும் காலையில் மூன்று இட்லி, சாம்பார், ஒரு முட்டை, ஒரு தம்ளர் பால். மதியம் சோறு, கீரை, பருப்பு. மாலையில் சுண்டல், ஒரு வாழைப்பழம். ஆனால் அவளுடைய அட்டையில் இருந்த எண்தான் வகுப்பிலேயே மிகக் குறைவு. "என்னடி, உன் வீட்டு முட்டையில் மஞ்சள் கரு கிடையாதா?" என்றாள் ஒருத்தி. "நோட்டு விருந்துச் சாப்பாடு, அட்டை பஞ்சப்பாட்டு" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மறுநாள் பள்ளிக்கு வரவில்லை.

செய்தி சிஸ்டரின் காதுக்கு எட்டிற்று. அவர்கள் எங்களைத் திட்டவில்லை. "சாட்சி சொல்ல இரத்தத்தைக் கூப்பிட்டீர்கள். இரத்தம் என்ன சொல்லிற்று என்று உங்களுக்குப் புரிந்ததா?" என்று மட்டும் கேட்டார்கள். பிறகு எங்களைக் குழுக்களாகப் பிரித்து, நூலகத்துக்கும் கணினி அறைக்கும் அனுப்பினார்கள். "தாம் உண்டதைத் தவறாக எழுதியவர்கள் உலகத்தில் நீங்கள் மட்டுந்தானா என்று பார்த்து வாருங்கள்" என்றார்கள்.

பார்த்தோம். தோழியரே, உலகமே எங்களோடுதான் இருக்கிறது!

மக்கள் என்ன உண்கிறார்கள் என்பதை அறிய ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளைக் கையாள்கின்றனர். நேற்று 24 மணி நேரத்தில் உண்டதைக் கேட்டு எழுதுவது ஒன்று. எங்களைப் போல நாட்குறிப்பு எழுதச் செய்வது இன்னொன்று. மாதத்துக்கு எத்தனை முறை மீன், வாரத்துக்கு எத்தனை முறை பழம் என்று நீண்ட வினாப்பட்டியல் கொடுத்து நிரப்பச் சொல்வது மற்றொன்று. மூன்றுக்கும் அடிப்படை, மனிதர் வாய்ச் சொல்தான்.

அந்தச் சொல் எவ்வளவு உண்மை என்று அளக்க, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 1999, 2000 ஆண்டுகளில் ஓர் ஆய்வு நடந்தது. அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய்க் கழகம் நடத்தியது. 40 முதல் 69 வயது வரையுள்ள 484 பேர் கலந்துகொண்டனர். அவர்கள் எழுதிய கணக்கை உடல் தந்த கணக்கோடு ஒப்பிட்டு 2003-இல் முடிவை வெளியிட்டனர். வினாப்பட்டியலில் ஆண்கள் தாம் உண்ட கலோரியை 31 முதல் 36 விழுக்காடு வரை குறைத்துச் சொல்லியிருந்தனர். பெண்கள் 34 முதல் 38 விழுக்காடு வரை. நேற்று உண்டதைக் கேட்ட முறையில் குறை சற்றே சிறியது: ஆண்களுக்கு 12 முதல் 14 விழுக்காடு, பெண்களுக்கு 16 முதல் 20. படித்தவர்கள், வளர்ந்தவர்கள், வசதியுள்ள நாட்டினர் நிலையே இது என்றால், பஜ்ஜியை மறந்த எங்களை என்ன சொல்வது?

உடல் எப்படிக் கணக்குத் தருகிறது என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு ஒரு விந்தையான தண்ணீர் இருக்கிறது. தண்ணீரில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் உண்டு என்று படித்திருக்கிறோம். அவற்றுக்குப் பதிலாகச் சற்றே கனமான டியூட்டிரியமும் ஆக்சிஜன்-18-ம் கலந்த நீரை ஒருவருக்குக் குடிக்கக் கொடுக்கின்றனர். இவை கதிர்வீச்சு இல்லாதவை, தீங்கற்றவை. கனமான ஹைட்ரஜன் சிறுநீர், வியர்வை என்று நீராகவே வெளியேறுகிறது. கனமான ஆக்சிஜனோ நீராகவும் வெளியேறுகிறது, மூச்சில் கரியமில வாயுவாகவும் வெளியேறுகிறது. இரண்டும் குறையும் வேகத்தில் உள்ள வேறுபாட்டைச் சிறுநீரில் அளந்தால், சுமார் இரண்டு வாரங்களில் உடல் எவ்வளவு கரியமில வாயுவை வெளியிட்டது, எவ்வளவு சக்தியைச் செலவிட்டது என்று தெரிந்துவிடும். எடை கூடாமலும் குறையாமலும் இருப்பவர், செலவிட்ட அளவே உண்டிருக்க வேண்டும் அல்லவா? மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நேதன் லிப்சன் என்பவர் விலங்குகளிடம் கண்டறிந்த இம்முறையை, டேல் ஷோலர் என்பவர் 1982-இல் மனிதரிடம் பயன்படுத்திக் காட்டினார்.

புரதத்துக்கு வேறு சாட்சி உண்டு. புரதத்தில் உள்ள நைட்ரஜனின் பெரும்பகுதி சிறுநீரில் வந்துவிடும். ஷீலா பிங்காம் என்ற பெண் விஞ்ஞானியும் ஜான் கம்மிங்ஸ் என்பவரும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இதை அளந்தனர். உண்ட நைட்ரஜனில் சுமார் 80 விழுக்காடு சிறுநீரில் வருகிறது என்று 1985-இல் எழுதினர். ஆனால் 24 மணி நேரச் சிறுநீர் முழுவதையும் ஒருவர் சேகரித்தாரா, நடுவில் ஒரு முறை விட்டுவிட்டாரா என்று எப்படி அறிவது? அதற்கும் அவர்கள் 1983-இலேயே ஒரு வழி கண்டனர். பாரா அமினோ பென்சாயிக் அமிலம் என்னும் பொருளை மாத்திரையாக நாளுக்கு மூன்று வேளை விழுங்கச் செய்தனர். அது ஏறக்குறைய முழுவதும் சிறுநீரில் திரும்பி வர வேண்டும். 85 விழுக்காட்டுக்குக் குறைந்தால் ஏதோ ஒரு பகுதி சேகரிக்கப்படவில்லை என்று பொருள். சாட்சியையே சோதிக்க ஒரு சாட்சி!

இதையெல்லாம் வகுப்பில் வாசித்தபோது ஒருத்தி எழுந்து ஒரு நல்ல கேள்வி கேட்டாள். "சிஸ்டர், இவ்வளவு சிரமம் எதற்கு? ஒருவரிடமே இரண்டு முறை கேட்டு, இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் உண்மை என்று எடுத்துக்கொள்ளலாமே?"

சிஸ்டர் புன்னகை செய்து, தானியேல் நூலின் 13-ஆம் அதிகாரத்தை நினைவூட்டினார்கள். சூசன்னாவின் கதை நமக்குத் தெரியும். முதியவர்கள் இருவர் அவள்மீது ஒரே பழியைச் சொன்னார்கள். இரண்டு சாட்சியும் ஒன்றுபோலப் பேசியதால் சபையார் நம்பிவிட்டனர். இளைஞராகிய தானியேல் அவ்விருவரையும் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர் என்று தனித்தனியே கேட்டார். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார், மற்றவர் வேறு மரத்தைச் சொன்னார். பொய் வெளிப்பட்டது, குற்றமற்றவள் காப்பாற்றப்பட்டாள்.

"சாட்சிகள் கலந்து பேசிக்கொண்டால் இருவர் சொல்வதும் ஒருவர் சொல்வதுதான். பஜ்ஜியை நோட்டில் மறைக்கிறவள் வினாப்பட்டியலிலும் மறைப்பாள். இரண்டும் ஒத்துப்போகும், இரண்டும் தவறாகவே இருக்கும். சிறுநீருக்கும் இரத்தத்துக்கும் நம் வெட்கம் தெரியாது, மறதியும் தெரியாது. அவை தனியே நின்று பேசுகிற சாட்சிகள்" என்றார்கள் சிஸ்டர். ஆராய்ச்சியாளர்கள் பெரிய கணக்குகளால் விளக்குவதை எங்கள் சிஸ்டர் ஒரு விவிலியக் கதையால் விளக்கிவிட்டார்கள்.

அப்படியானால் ஏட்டைத் தூக்கி எறிந்துவிட்டு இரத்தத்தை மட்டும் கேட்டால் போதாதா? போதாது. இரத்தத்தில் உள்ள வைட்டமின் சி அளவு பழம் உண்பதால் கூடும். ஆனால் புகை பிடிப்பவர்களுக்கு அதே அளவு உண்டாலும் குறைவாகவே இருக்கும். உடல் எவ்வளவு உறிஞ்சிக்கொள்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். மேலும் இரத்தம் கீரையா, பழமா, மாத்திரையா என்று பெயர் சொல்லாது. யார் சமைத்தார், யார் பரிமாறினார் என்றும் சொல்லாது. எங்கள் வகுப்பிலேயே அதற்கு ஒரு சான்று இருந்தது. கோழி வளர்க்கும் வீட்டுப் பெண் ஒருத்தி உண்மையாகவே தினமும் முட்டை தின்கிறாள், கீரையும் தின்கிறாள். அவள் எண்ணும் 12-க்குக் கீழே! மருத்துவர் விசாரித்தபோது, அவளுக்கு மாதந்தோறும் உதிரப்போக்கு மிக அதிகம் என்பதும், உண்டவுடன் தேநீர் குடிக்கும் வழக்கம் உண்டு என்பதும் தெரிந்தன. தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. அவளுடைய அட்டையை மட்டும் பார்த்தவர் அவளைப் பொய்க்காரி என்றிருப்பார். ஏடும் அட்டையும் சேர்ந்து இருந்ததால்தான் மருத்துவர் சரியான கேள்வியைக் கேட்டார்.

ஆகவே அறிஞர்கள் இரண்டையும் இணைக்கிறார்கள். அது எப்படி என்றால், எங்கள் மளிகைக் கடைத் தராசு எப்போதும் ஐம்பது கிராம் குறைத்துக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குறை தெரிந்துவிட்டால் தராசை உடைக்க வேண்டியதில்லை. கூட்டிக் கணக்கிட்டால் போதும். அதுபோல ஆயிரக்கணக்கானோரிடம் வினாப்பட்டியலை நிரப்பச் சொல்லி, அவர்களில் ஒரு சிறு குழுவினரிடம் மட்டும் உடற்சான்றையும் எடுக்கிறார்கள். ஏடு எவ்வளவு சாய்கிறது, யாருக்கு அதிகம் சாய்கிறது என்பதை அந்தக் குழுவிடம் கற்றுக்கொண்டு, எல்லாருடைய ஏட்டையும் திருத்துகிறார்கள். அமெரிக்காவில் மகளிர் நலம் பற்றிய மாபெரும் ஆய்வில் 544 பெண்களிடம் இவ்வாறு செய்தபோது, உடல் பருமனானவர்களே அதிகமாகக் குறைத்துச் சொல்கிறார்கள் என்று 2008-இல் தெரிந்தது. யாரை உலகம் அதிகம் ஏசுகிறதோ அவரே அதிகம் மறைக்கிறார் என்று எங்களுக்குத் தோன்றிற்று. அதே ஆய்வைச் சேர்ந்த பெண்களிடம், கீரையிலும் மக்காச்சோளத்திலும் உள்ள லூட்டீன் போன்ற சத்துகளுக்கும் கண்புரைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார்கள். எழுதிய உணவையும் இரத்தத்தில் இருந்த அளவையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, தனித்தனியே பார்த்ததைவிடத் தெளிவாக அத்தொடர்பு தெரிந்தது என்று 2010-இல் எழுதினர்.

நம் அருட்சகோதரியர் மகிழ ஒரு செய்தியும் கிடைத்தது. இத்தாலியில் மௌனமும் தியானமுமாக அடைபட்ட மடத்தில் வாழ்ந்த 144 கன்னியரையும், வெளியுலகில் வாழ்ந்த 138 பெண்களையும் 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1988-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. வெளியே இருந்தவர்களுக்கு வயது ஏற ஏற இரத்த அழுத்தமும் ஏறிற்று. கன்னியருக்கு ஏறவில்லை. மடத்தில் உப்புக் குறைவோ என்று யாரும் ஐயுறலாம். சிறுநீரில் உப்பின் அளவைப் பார்த்தார்கள். இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. அமைதியான வாழ்வே காரணமாகலாம் என்று ஆய்வாளர் கருதினர். சிறுநீரைக் கேட்டிராவிட்டால் புகழ் முழுவதும் உப்பில்லாத சமையலுக்குப் போயிருக்கும்!

நம் நாட்டிலும் 2016 முதல் 2018 வரை, 19 வயது வரையுள்ள ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு நடந்தது. என்ன உண்டார்கள் என்று கேட்டதோடு நில்லாமல், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் இரத்தமும் சிறுநீரும் எடுத்துச் சோதித்தார்கள். 10 முதல் 19 வயதுப் பெண்களில் 40 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதே வயது ஆண்களில் 18 விழுக்காடு. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்தாலும் பெண்ணுக்கு ஏன் இப்படி? மாதந்தோறும் இழக்கும் இரத்தம் ஒரு காரணம். கடைசியில் உண்பதும், மிஞ்சியதை உண்பதும் பல வீடுகளில் இன்னொரு காரணம். முதலாவது நம் கையில் இல்லை. இரண்டாவது நம் பெற்றோர் கையில் இருக்கிறது.

இனி எங்கள் தோழியிடம் வருவோம். மூன்று நாள் கழித்து அவள் வந்தாள். சிஸ்டர் அவளைத் தனியே அழைத்துப் பேசினார்கள். பின்னர் அவளாகவே எங்களிடம் சொன்னாள். அவளுடைய அம்மா காலை ஷிப்டுக்காக நாலரை மணிக்கே மில் பஸ்ஸில் ஏறிவிடுவார். இரவே மாவு அரைத்து வைத்து, "மூணு இட்லி ஊத்திச் சாப்பிட்டுட்டுப் போம்மா" என்று தினமும் சொல்லிவிட்டுப் போவார். இவள் இரண்டு தம்பிகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஓடி வருவதற்குள் மணி அடித்துவிடும். பல நாள் மதியமும் தம்பிகளுக்கு வைத்தது போக மிஞ்சிய சோறும் ஊறுகாயும்தான். "அம்மா என்ன தர நினைச்சாங்களோ அதைத்தான் எழுதினேன். நான் சாப்பிடலைன்னு எழுதினா அம்மா சரியில்லைன்னு நீங்க நினைப்பீங்கல்ல?" என்றாள்.

நாங்கள் தலை குனிந்தோம். அவள் ஏட்டில் இருந்தது பொய்யன்று, ஒரு தாயின் ஆசை. அவள் அட்டையில் இருந்தது குற்றமன்று, ஒரு மகளின் பட்டினி. இரண்டையும் சேர்த்து வாசிக்கத் தெரியாத நாங்கள், சூசன்னாவைச் சூழ்ந்து நின்ற சபையைப் போல நின்றிருக்கிறோம். நாங்கள் அனைவரும் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள் சிரித்துக்கொண்டே, "முதல்ல அந்த பஜ்ஜிக் கணக்கை எழுதுங்கடி" என்றாள்.

இப்போது எங்கள் வகுப்பில் காலை இடைவேளையில் விடுதிச் சமையலறையிலிருந்து ஒரு பாத்திரம் சுண்டல் வருகிறது. பயறும் கடலையும் நாங்கள் முறை வைத்துக் கொண்டு வருகிறோம். பசித்தவர் மட்டும் உண்ண வேண்டும் என்று வைக்கவில்லை. அப்படி வைத்தால் பசித்தவள்தான் உண்ண மாட்டாள். எல்லாரும் உண்கிறோம், சிஸ்டரும் எங்களோடு ஒரு கை எடுத்துக்கொள்கிறார்கள். வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியே எறியும் வழக்கமும் நின்றுவிட்டது. தேநீரை உணவோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கிறோம்.

இரண்டாம் பருவத்தில் மறுபடியும் ஏழு நாள் நோட்டு எழுதினோம். இம்முறை ஏடுகள் அழகாக இல்லை. "காலை: ஒன்றுமில்லை" என்ற வரிகளும் "முறுக்கு 4, அப்பளம் 3" என்ற வரிகளும் தாராளமாக இருந்தன. வாசித்து முடித்த சிஸ்டர், "இவை நல்ல ஏடுகள்" என்று கையொப்பமிட்டார்கள். மீண்டும் சோதித்தபோது எங்கள் தோழியின் அட்டையில் எண் கூடியிருந்தது. இன்னும் 12-ஐத் தொடவில்லை. தொடும் என்று நம்புகிறோம்.

பெற்றோர்களே! உங்கள் மகளிடம் "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் "சாப்பிட்டேன்" என்றுதான் சொல்வாள். அந்தச் சொல்லை நம்புங்கள்; ஆனால் அவளுடைய கண்ணிமையின் உட்புறத்தையும் நகத்தின் நிறத்தையும் ஒரு முறை பாருங்கள், ஆண்டுக்கொருமுறை இரத்தத்தையும் சோதியுங்கள். இரண்டும் வேறுபட்டால் கோபப்படாதீர்கள். அருகில் அமர்ந்து ஏன் என்று கேளுங்கள்.

இக்கட்டுரையை எழுதிய கைகளுள் எங்கள் தோழியின் கையும் ஒன்று. அவள் வாசித்து, இரண்டு இடங்களில் எங்களைத் திருத்திய பிறகே இது அச்சுக்குப் போகிறது. உள்ளதை உள்ளபடி சொல்லும் துணிவையும், சொல்ல முடியாதவர்களைப் பழிக்காத மனத்தையும் இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வாராக!

— மேல்நிலை இரண்டாம் ஆண்டு, மனையியல் பிரிவு மாணவியர்